பல்லொழுங்கும் பற்சீராக்கமும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம்மவர் நாவிற் பயின்று வரும் பழமொழி. உணவை அரைத்தல் ஒன்றே பல்லின் தொழிலென்று நம் முன்னோர் கருதினாரல்லர் என்பதற்கு இப்பழமொழியே சான்றாகும். எழுத்துக்கள் பிறத்தற்கு நிலைக்களமான உறுப்புக்களை எட்டென வகுத்த தொல்காப்பியர் பல்லையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சார்தலாற் பிறப்பன. வகரம் பல்லோடு இதழ் சேர்தலாற் பிறப்பது. பல் தன் நிலை பிறழ்ந்து நிற்குமாயின் இவ்வொலிகளும் ஓரளவு பிறழ்தல் இயல்பே. இனி, முறுவலை முத்துக்கும் முல்லையரும்புக்கும் ஒப்பிட்ட புலவர் தம் உவமையால் பல்லின் வெண்மையோடு அதன் வரிசையையும் உணர்த்தினர் எனல் பொருந்தும்.

இன்று நம் மாணவரிடையே பல்லுக்குக் கம்பி போட்டிருப்போரை ஆங்காங்கே காண்கின்றோம். ஆயினும் அச்சிகிச்சை யாது, அஃது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனை மேற்கொள்வோன் எதனை எதிர்பார்த்தல் வேண்டும் என்பவற்றில் தெளிவுடையார் சிலரே. பெற்றோருட் சிலர் இதனை வீண் அலங்காரமென ஒதுக்குகின்றனர். வேறு சிலர் இரண்டொரு திங்களில் முடிந்துவிடுமென எண்ணித் தொடங்கி, ஓராண்டு கழிந்ததும் சலிப்புற்று இடையிலே கைவிடுகின்றனர். முதலாமவர் வேண்டிய பயனை இழக்கின்றனர். இரண்டாமவர் பயனை இழப்பதோடு தீமையையும் தேடிக்கொள்கின்றனர். இவ்விருவகைப் பிழையும் நேராதிருத்தற்கு இச்சிகிச்சையின் அடிப்படை உண்மை ஒன்றை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பல்லுக்குக் கம்பி தருவது மெல்லிய விசை மாத்திரமே. அவ்விசைக்கு இணங்கிப் பல்லுக்கு வழிவிடுவது உயிருள்ள என்பு. காலம், வலி, தூய்மை, சிகிச்சைக்குப் பின்னான காவல் ஆகிய யாவும் இவ்வொன்றினின்றே பிறக்கின்றன.

ஒழுங்கின்மையும் அதன் காரணங்களும்

மனிதனுக்குப் பாற்பற்கள் இருபது. நிலையான பற்கள் முப்பத்திரண்டு. ஏறக்குறைய ஆறாம் வயதில் முதலாம் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் ஞானப்பற்கள் ஒழிந்த ஏனைய நிலையான பற்கள் யாவும் பெரும்பாலும் வெளிவந்துவிடும். தாடை சிறிதாயும் பற்கள் பெரிதாயும் அமையின் இடம் போதாமையாற் பற்கள் ஒன்றன்மேலொன்று நெருங்கி நிற்கும். மாறாக அமையின் இடைவெளி தோன்றும். இவை பெரும்பாலும் பரம்பரையாக வருவன. பாற்பல் சூத்தையினாற் காலத்துக்கு முன்னரே அகற்றப்படுமாயின், அயற்பற்கள் அவ்விடத்திற் சாய்ந்து, பின்னர் வரும் பல்லுக்கு வழி அடைபடும். பாற்பல் எப்படியும் விழுவதுதானே எனச் சிலர் அதனைப் புறக்கணித்தல் இதனாற் பெருந்தவறாகும். ஆறு, ஏழு வயதுக்குப் பின்னரும் விடாது விரல் சூப்பும் பழக்கமும் மேன்முன்பற்களை வெளியே தள்ளவல்லது.

இவ்வொழுங்கின்மைகளை முறைப்பட வகுத்தவர் அமெரிக்க நாட்டவரான எட்வேட் அங்கிள் (1855–1930) என்பவர். மேல், கீழ் முதலாம் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையை அளவாகக் கொண்டு அவர் 1899இல் மூன்று வகுப்புக்களை வரையறுத்தார். கடைவாய்ப்பற்கள் செவ்வனே பொருந்தியிருக்க முன்பற்கள் நெருங்கியோ திரும்பியோ நிற்பது முதலாம் வகுப்பு. கீழ்ப்பல் வரிசை இயல்பிலும் பின்தங்கி நிற்பது இரண்டாம் வகுப்பு. அஃது இயல்பிலும் முன்வந்து நிற்பது மூன்றாம் வகுப்பு. நூற்றாண்டுக்கு மேலாகியும் உலகெங்கும் பல் வைத்தியர் இப்பாகுபாட்டையே முதற்கண் பயன்படுத்துகின்றனர்.

எவருக்குச் சிகிச்சை வேண்டும்?

பல் சிறிது கோணியிருப்பவர் யாவரும் கம்பி போடவேண்டுமென்பதில்லை. இங்கிலாந்தில் புறூக், ஷோ என்னும் இருவர் 1989இல் சிகிச்சைத் தேவையை ஐந்து படிகளாக வகுக்கும் அளவுகோலொன்றை வெளியிட்டனர். முதலிரு படிகளிற் சிகிச்சை தேவையில்லை, அன்றேல் மிகச் சிறிதே தேவை. நான்காம், ஐந்தாம் படிகளில் உடனலத்தின் பொருட்டே அது வேண்டப்படும். அந்நாட்டு அரசாங்க வைத்திய சேவை, இளைஞருக்கு இலவச சிகிச்சை அளிப்பதை இவ்வளவுகோல் கொண்டே தீர்மானிக்கின்றது.

உடனலத்தைச் சார்ந்த தேவைகள் சிலவற்றை ஈண்டுக் கூறலாம். மேன்முன்பற்கள் மிகவும் வெளியே நீண்டிருப்பின், விளையாட்டு மைதானத்தில் விழும் சிறுவனுக்கு அவை உடைந்துபோதல் எளிது. மேல் வேட்டைப்பல் உரிய வழியின் இறங்காது என்பினுள்ளே திசைமாறிக் கிடப்பின், அயற்பல்லின் வேரை அஃது அரித்துவிடலாம். கீழ்ப்பற்கள் மேலண்ணத்தின் முரசைக் குத்திப் புண்படுத்துதலும் உண்டு. நெருங்கிய பற்களினிடையே தும்பு செல்லாமையால் அழுக்குத் தங்குதலும் உண்டு. இவையன்றி, சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பிள்ளையின் மனக்குறையும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் தோற்றத்தின் பொருட்டு மாத்திரம் செய்யப்படும் சிகிச்சை, செய்தே தீரவேண்டிய சிகிச்சையன்று என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் அறிந்து முடிவு செய்தல் நலம்.

என்பு வழிவிடும் முறை

பல்லைச் சீராக்கும் முயற்சி மிகப் பழையது. கிறித்து சகாப்தத்தின் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம ஆசிரியர் செல்சசு என்பார், பாற்பல் விழாமுன் புதுப்பல் முளைப்பின் பாற்பல்லைக் களைந்து, புதுப்பல்லை அதன் இடத்துக்கு வருமளவும் நாடோறும் விரலால் அழுத்துமாறு கூறியுள்ளார். பிரான்சு நாட்டுப் பியர் போசார் 1728இல் வெளியிட்ட தமது நூலிலே, குதிரை இலாட வடிவான உலோகத் தகட்டோடு பற்களை நூலாற் பிணித்து நிரற்படுத்தும் முறையை விளக்கினார். மெல்லிய விசை இடையறாது படின் பல் நகரும் என்பதை இவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏன் நகர்கின்றது என்பதை அறிந்தாரில்லை.

பல்லின் வேர் தாடையென்பிலே ஆணிபோல் இறுக அறையப்பட்டிருப்பதன்று. வேருக்கும் என்புக்குமிடையே ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் தடிப்புடைய பற்சூழ் இணையம் உண்டு. நார்களும் குருதிக் குழாய்களும் கலங்களும் நிறைந்த இவ்விழையத்திலே பல் தொங்குகின்றது எனலாம். ஒருபுறமிருந்து மெல்லிய விசை படும்போது பல் சாயும் பக்கத்தில் இவ்விணையம் அமுங்குகின்றது; எதிர்ப்பக்கத்தில் இழுபடுகின்றது. அமுங்கிய பக்கத்தில் என்புடைக்கும் கலங்கள் தோன்றி என்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் என்பை ஆக்கும் கலங்கள் புதிய என்பை இடுகின்றன. முன்னே நிலத்தை அகழ்ந்து பின்னே நிரப்பிக்கொண்டு செல்வது போலப் பல் தன் குழியையும் உடன்கொண்டு நகர்கின்றது.

சுவீடன் நாட்டுக் கார்ள் சான்ட்ஸ்ரெட் என்பார் 1904ஆம் ஆண்டளவில் நாய்களிற் பரிசோதனை செய்து இதனை நுணுக்குக்காட்டியின் வாயிலாகக் கண்டார். விசை கடுமையாயின் அமுங்கிய இழையத்திற் குருதியோட்டம் தடைப்பட்டு அவ்விடம் உயிரற்றதாகின்றது என்பதையும் அவர் கண்டார். அப்போது பல் நகராது நின்றுவிடும். உயிரற்ற பகுதியை உடல் அகற்றிய பின்னரே மீண்டும் நகரத் தொடங்கும். 1932இல் சுவாட்ஸ் என்பவர், ஒரு சதுர சென்ரிமீற்றர் வேர்ப்பரப்புக்கு 20 முதல் 26 கிராம் அளவான விசையே உகந்ததென்றும், அது மயிர்த்துளைக் குழாய்களின் குருதியமுக்கத்தை மிஞ்சலாகாதென்றும் கூறினார். ஆகவே, இறுக்கமாகக் கட்டினால் விரைவில் முடியும் என்னும் கருத்து அறிவியலுக்கு முற்றும் மாறானது. செவ்விய முறையிற் பல் திங்களொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே நகரும். சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை நீள்வதற்கும், கடினமான நிலைகளில் அதனிலும் நீள்வதற்கும் காரணம் இதுவே, வைத்தியரின் தாமதமன்று.

கருவிகளின் வளர்ச்சி

இவ்வளவு மெல்லிய விசையை இடையறாது தரும் கருவியைத் தேடுவதே இத்துறையின் வரலாறாயிற்று. அங்கிள் 1928இல் வெளியிட்ட முறையில், ஒவ்வொரு பல்லிலும் ‘பிறாக்கெற்’ எனப்படும் சிறு பற்றுறுப்பு அமைந்தது. அதன் நாற்சதுரப் பள்ளத்திற் கம்பி படிந்து பல்லை மூன்று திசையிலும் ஆண்டது. அவர் காலத்துக் கம்பி பொன்னாலானது. பின்னர் கறையில் உருக்கு அதன் இடத்தைப் பெற்றது. அங்கிளிடம் பயின்ற அவுஸ்திரேலியரான பெக், மெல்லிய உருக்குக் கம்பிகளால் இலேசான விசையைத் தரும் முறையை 1950களிற் பரப்பினார். முற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் இறுக்கப்பட்டது. 1955இல் மைக்கல் புவோனோகோர் என்பவர், மென்னமிலத்தாற் பல்லின் மிளிரியை நுண்ணியதாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதிற் பற்றிக்கொள்ளும் எனக் காட்டினார். அதன் பயனாகவே பற்றுறுப்பைப் பல்லின் முகத்தில் நேரே ஒட்டுதல் பிற்காலத்தில் இயல்வதாயிற்று.

இன்று தொடக்கத்தில் இடப்படும் கம்பி பெரும்பாலும் நிக்கலும் தைத்தேனியமும் சேர்ந்த கலப்புலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றில் 1960ஆம் ஆண்டையொட்டி உருவான இவ்வுலோகத்தை ஐயோவாப் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் அந்திரேசன் 1970களின் தொடக்கத்திற் பற்சீராக்கத்துக்குக் கொணர்ந்தார். எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்தை மெல்ல மீட்டுக்கொள்ளும் இயல்புடையதாதலின், கோணிய பற்களிற் பிணித்துவிட்டால் அது பல வாரங்களுக்கு இலேசான விசையைத் தந்துகொண்டிருக்கும். கம்பியின்றி, ஒளியூடு செல்லும் பிளாத்திக்குத் தட்டுக்களை வரிசையாக மாற்றி மாற்றி அணியும் முறை 1990களின் இறுதியில் தோன்றியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம் அணியும் கட்டுப்பாடுடையார்க்கே அது பயன்படும். எல்லா ஒழுங்கின்மைக்கும் அது பொருந்துவதுமன்று.

சிகிச்சையின் போக்கு

முதற்சந்திப்பிலேயே கம்பி போடப்படுவதில்லை. வைத்தியர் வாயைச் சோதித்து, பற்களின் அச்செடுத்து மாதிரி அமைத்து, ஊடுகதிர்ப்படங்களும் நிழற்படங்களும் எடுத்துத் திட்டமொன்றை வகுப்பார். சூத்தையும் முரசு நோயும் இருப்பின் அவை முதலிற் குணமாக்கப்படல் வேண்டும். இடம் போதாதவிடத்து, பெரும்பாலும் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டோ நான்கோ அகற்றப்படலாம். நல்ல பல்லைப் பிடுங்குவதா எனப் பெற்றோர் திடுக்கிடுதல் இயல்பே. அங்கிளும் பல்லைப் பிடுங்குதலை வன்மையாக எதிர்த்தார். கல்வின் கேஸ் என்பார் அது சிலருக்கு இன்றியமையாததென வாதித்தார். அங்கிளின் மாணவரான சாள்ஸ் ருவீட், பல் பிடுங்காது தாம் சீராக்கிய பலரின் பற்கள் மீண்டும் பிறழ்ந்தமையைக் கண்டு, அவர்களுக்கு முன்கடைவாய்ப்பற்களை அகற்றி மறுபடியும் சிகிச்சை செய்தார். இன்று இவ்விரு கொள்கையுள் ஒன்றை எல்லார்க்கும் விதிப்பாரில்லை; ஒவ்வொருவரின் தாடையும் முகத்தோற்றமும் நோக்கியே முடிவு செய்யப்படும். அம்முடிவுக்குரிய காரணத்தைக் கேட்டறிதல் பெற்றோரின் உரிமையாகும்.

பற்றுறுப்பை ஒட்டும்போது வலியில்லை. சில மணி நேரத்தின் பின் பற்களில் ஒருவித நோவு தொடங்கி, மறுநாள் மிகுந்து, மூன்று நாள் முதல் ஒரு வாரத்துள் தணியும். என்பு மாறத் தொடங்குவதன் அறிகுறியாதலின் இதற்கு அஞ்சவேண்டுவதில்லை. வைத்தியர் கூறும் அளவிற் பரசித்தமோல் உட்கொள்ளலாம். அந்நாட்களிற் கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம் போன்ற மென்மையான உணவு ஏற்றது. கன்னத்திலும் இதழிலும் கம்பி உராய்ந்து புண் உண்டாயின், வைத்தியர் தரும் மெழுகை அவ்விடத்தில் அப்பி, உப்பு நீராற் கொப்பளித்தல் போதும். பேச்சில் தோன்றும் சிறு தடுமாற்றமும் சின்னாளில் நீங்கும். பாண்டு வாத்தியக் குழுவில் ஊதுகருவி வாசிப்போர் சில வாரம் சிரமப்படுவர்; துடுப்பாட்டம், உதைபந்தாட்டம் ஆடுவோர் பற்காப்பு அணிதல் வேண்டும்.

அதன்பின் நான்கு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை வைத்தியரிடம் செல்லல் வேண்டும். கம்பிகள் படிப்படியாகத் தடித்தவையாக மாற்றப்படும். மேல், கீழ்த் தாடைப் பற்களைப் பொருத்துவதற்குச் சிறு இறப்பர் வளையங்களை மாணவனே நாடோறும் மாட்டிக்கொள்ள நேரும். அவற்றை வைத்தியரைக் காணச் செல்லும் நாளன்று மாத்திரம் மாட்டிச் செல்வோன் ஏமாற்றுவது வைத்தியரையன்று. விசை விட்டு விட்டுப் படின் என்பு இணங்குவதில்லை.

நோயாளியின் கடமை

இச்சிகிச்சையின் வெற்றியிற் பெரும்பகுதி நோயாளியின் கையிலேயே உள்ளது. கம்பியின் இடுக்குகளில் உணவுத் துணிக்கைகள் தங்கி, பற்றீரியாக்கள் அவற்றினின்று அமிலத்தை ஆக்கும். அவ்வமிலம் மிளிரியின் கனிப்பொருளைக் கரைப்பதாற் பற்றுறுப்பைச் சூழச் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். கவனியாதுவிடின் ஓரிரு திங்களிலேயே அவை தோன்றிவிடலாம். கம்பி கழற்றப்பட்ட பின்னும் முற்றாக மறையா. நேரான பல்வரிசையில் நிரந்தரமான கறை பெறுதற்கோ இத்துணை முயற்சி! புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையால் உணவின் பின்னெல்லாம் துலக்குதலும், பற்களினிடையே செல்லும் சிறு தூரிகையைப் பயன்படுத்தலும், இனிப்புப் பானங்களை விலக்குதலும் இதற்குரிய காவல்.

கடினமான பண்டங்களாற் பற்றுறுப்பு பெயர்ந்துவிடும். முறுக்கு, கச்சான், கரும்பு, பனங்கிழங்கு, பனங்கட்டி ஆகியவற்றை முன்பல்லாற் கடித்தல் ஆகாது. கொய்யா, மாங்காய் போன்றவற்றைச் சிறு துண்டுகளாக்கிக் கடைவாய்ப்பல்லால் மென்று உண்ணலாம். பற்றுறுப்பு ஒன்று பெயரும்போதெல்லாம் சிகிச்சை சில வாரம் பின்தள்ளப்படும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வேர் நுனி சிறிது குறுகுதலும் பலரிடம் காணப்படும். பெரும்பாலாரில் அது மிகச் சிறிதாதலின் தீங்கு செய்யாது. இடையிடையே ஊடுகதிர்ப்படம் எடுத்து அதனைக் கண்காணித்தல் வைத்தியரின் பொறுப்பு.

இத்தகைய கண்காணிப்பு உயிருள்ள என்பில் விசை செலுத்துவதாற் கட்டாயமாகின்றது. தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகளில் பயிற்சியற்றோர் அலங்காரத்துக்கெனக் கம்பி ஒட்டும் வழக்கம் பரவி, அரசாங்கங்கள் நடவடிக்கை எடுக்க நேர்ந்தமை யாவர்க்கும் எச்சரிக்கையாகும். நம் நாட்டிற் பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலையிலும், ஏனைய பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் இத்துறையிற் சிறப்புப் பயிற்சி பெற்ற வைத்தியர் உளர். அங்கே காத்திருக்க நேரினும், தகுதியற்றவரிடம் விரைந்து செல்வதிலும் அது மேலானது.

கழற்றிய பின்

கம்பி கழற்றப்படும் நாளைச் சிகிச்சையின் முடிவென எண்ணுதலே யாவற்றினும் பெரிய தவறு. நகர்ந்த பல்லைச் சூழ என்பு உறுதிப்படுவதற்குப் பல திங்கள் செல்லும். முரசிலுள்ள மீள்சக்தி நார்கள் புதுநிலைக்கு இணங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுகாறும் அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். இதனைத் தடுப்பதற்கு ‘நிலைநிறுத்தி’ எனத்தக்க கருவியொன்று தரப்படும். அது கழற்றி மாட்டும் தட்டாகவோ, முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய கம்பியாகவோ இருக்கும். வாஷிங்ரன் பல்கலைக்கழகத்து றொபேட் லிற்றிலும் உடனாய்வாளரும், முன்கடைவாய்ப்பற்களை அகற்றிச் சீராக்கப்பட்டவர்களை நிலைநிறுத்தி நீக்கப்பட்டுப் பத்தாண்டின் பின் ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கினரின் கீழ் முன்பற்கள் திருப்தியற்ற நிலையில் இருந்தன. சிகிச்சையே பெறாதவரின் பற்களும் வயது செல்லச் செல்ல நெருங்கிவருவனவேயாதலின், இதனைச் சிகிச்சையின் குறையென்று மாத்திரம் கொள்ளலாகாது. இரவிலேனும் நிலைநிறுத்தியை நெடுங்காலம் அணியுமாறு இன்றைய வைத்தியர் பலர் கூறுவதன் காரணம் இதுவே.

எவ்வயதில்?

ஏழு வயதளவிற் பிள்ளையின் வாயை ஒருமுறை சோதிப்பித்தல் நன்றென்பது அமெரிக்கப் பற்சீராக்க வைத்தியர் சங்கத்தின் கருத்து. அப்போதே கம்பி போடுவதற்கன்று. விரல் சூப்புதல், வழிமாறிய பல் போன்றவற்றை முன்னறிந்து தடுப்பதற்கே. முழுச் சிகிச்சை பொதுவாகப் பதினொன்று முதல் பதினான்கு வயதிற் தொடங்கப்படும். தாடையின் வளர்ச்சியையும் துணைக்கொள்ளும் வாய்ப்பு அப்பருவத்தில் உண்டு. ஆயினும் பற்சூழ் இணையமும் என்பும் ஆரோக்கியமாயிருக்கும்வரை முதியோரின் பல்லும் நகரும். தாடையென்பே மிகவும் பொருந்தாதவிடத்து, வளர்ச்சி முடிந்தபின் சத்திரசிகிச்சையும் உடன் தேவைப்படலாம்.

இதுகாறும் கூறியவற்றால், பல்லுக்குக் கம்பி போடுதல் வைத்தியரின் கைவினையால் மாத்திரம் நிறைவேறும் செயலன்று என்பது புலனாகும். என்பு தன் கதியிலேயே மாறும். பொன்னும் பொருளும் அதனை விரைவுபடுத்தா. நாடோறும் துலக்கும் ஐந்து நிமிடத்தையும், தவறாது செல்லும் சந்திப்பையும், இரவில் அணியும் நிலைநிறுத்தியையும் மாணவனே தன் பொறுப்பாக ஏற்றல் வேண்டும். அதற்குத் தான் ஆயத்தமா என்பதைச் சிகிச்சை தொடங்குமுன் அவன் தன்னைத்தானே வினவுவானாக. ஆயத்தமெனின் தொடங்குக, இல்லையெனின் சிலகாலம் பொறுத்தல் நன்று. பெற்றோரும் ஆசிரியரும் அவனுக்கு நினைவூட்டியும் ஊக்கமளித்தும் துணைநிற்பின், சீரான பல்வரிசையும் தெளிந்த சொல்லும் மறைக்கவேண்டாத முறுவலும் அவனுக்கு வாய்க்கும்.